நெருப்பல்லாத ஆபத்தில் தீயணைப்பாளரின் கவசம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து

தீயணைப்பாளர் அணியும் மேலங்கி வெப்பத்தைத் தடுப்பதற்காக உருவானது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளி அடுக்கு, எளிதில் தீப்பற்றாத அராமிட் இழையால் நெய்தது. நடு அடுக்கு நீரும் கொதிநீராவியும் உடலுக்குப் போகாமல் தடுக்கிறது. உள் அடுக்கு, சூடு தோலை எட்டுவதைத் தாமதப்படுத்துகிறது. மூன்றும் சேர்ந்து, எரியும் அறைக்குள் சற்று நேரம் நின்று வேலை செய்ய அவகாசம் தருகின்றன. அந்த அங்கியின் வேலை அவ்வளவுதான். கிணற்றடியில் தேங்கிய நச்சு வாயுவுக்கு எதிராக அதனால் எதுவும் செய்ய முடியாது. வெடித்த சிலிண்டரின் இரும்புச் சிதறலையும் அரிவாள் வெட்டையும் துப்பாக்கிக் குண்டையும் அது தடுக்காது. ஒவ்வோர் ஆபத்துக்கும் தனிக் கவசம் வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கவசம் முதலில் போய்ச் சேரும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இது அன்றாட வேலையோடு ஒட்டிய விஷயம். பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனித்து இயங்குகிறது. இரண்டும் சிறிய மாவட்டங்கள்; ஆனால் ஆபத்துகளின் வகை அதிகம். மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் கடும்பாறை நிலம். அதில் ஆழ ஆழமாக வெட்டிய பாசனக் கிணறுகள், கல்குவாரிகள். நடுவே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை. கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும், இரவு பகலாக ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். தெற்கே கொள்ளிடம். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, ஆற்றுச் சுழலில் சிக்கியவரைத் தேடுவது, நொறுங்கிய லாரியின் முன்பகுதியை வெட்டி ஓட்டுநரை எடுப்பது, இப்படித் தீயே இல்லாத அழைப்புகளுக்கும் நிலைய வண்டிதான் போகிறது. துறையின் முழுப்பெயரும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்றே இருக்கிறது.

இந்த அழைப்புகளில் மிகுந்த கவனம் கோருவது கிணறு. பெரம்பலூர்ப் பக்கத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது வழக்கம். கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போட்டு, தோட்டா இறக்கி வெடிக்கிறார்கள்; பிறகு கிரேன் வாளியில் கல்லை அள்ளி மேலே ஏற்றுகிறார்கள். வெடி போட்ட பிறகு எழும் புகையில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கும். திறந்த குவாரியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும். ஆழக் கிணற்றில், அதுவும் காற்றசைவு இல்லாத நாளில், அவை மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். பாறை இடுக்குகளில் தங்கிய வாயு, மறுநாள் கல்லைப் புரட்டும்போது வெளியேறுவதும் உண்டு. வெடி போடாத கிணறும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சேறும் மட்கிய இலைதழையும் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. அது காற்றைவிடக் கனமானது. அடியில் படிந்து கிடக்கும். சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். நீர் இறைக்க டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லப் போதும்.

இயல்பான காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. அது 19.5க்குக் கீழே போனாலே அந்த இடத்தைப் பணிப் பாதுகாப்பு விதிகள் ஆபத்தானது என்று கணக்கிடுகின்றன. 16க்குக் கீழே போனால் நிதானம் குலையும். கைகால் சொன்னபடி கேட்காது. 10க்குக் கீழே நினைவு தப்பும். 6 விழுக்காட்டை ஒட்டிய நிலையில் சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். மூச்சுத் திணறுகிறது என்று உணர்வதற்கும் கத்துவதற்கும் நேரம் இருக்காது. அதனால்தான் மேலே நிற்பவர்களுக்கு அது வாயு என்றே தோன்றுவதில்லை. வழுக்கி விழுந்தார், மயக்கம் போட்டார் என்றே நினைக்கிறார்கள். அடுத்தவர் உடனே இறங்குகிறார். அவரும் சரிகிறார். அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று குறிப்பிட்டது. கிணற்றடியில் கிடப்பவர் அண்ணனாகவோ மகனாகவோ இருக்கும் ஊரில், இறங்காதே என்று யாரையும் தடுத்து நிறுத்துவது எளிதல்ல.

2020 ஜூலையில் பெரம்பலூர் அருகே செல்லியம்பாளையத்தில் இதுதான் நடந்தது. வெடி போட்டு ஆழப்படுத்திய கிணற்றில் நச்சு வாயு தாக்கி ஆட்கள் சிக்கினார்கள். அழைப்பு வந்து தீயணைப்புக் குழு போனது. மீட்க இறங்கிய தீயணைப்பாளர் ஒருவரும் ஊர் இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். தீயே இல்லாத இடத்தில், பட்டப்பகலில், சில பத்தடி ஆழத்தில் பயிற்சி பெற்ற ஒருவரின் உயிர் போயிற்று. இந்த வட்டாரத்தின் தீயணைப்பாளருக்கு எந்தக் கவசம் முதலில் தேவை என்று கேட்டால், இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிணற்றுக்கான கவசம் மூச்சுக்கருவி. முதுகில் ஒரு காற்று உருளை, அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு, முகம் முழுவதையும் மூடும் கண்ணாடி முகமூடி. உருளைக்குள் இருப்பது ஆக்சிஜன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. 6.8 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று கொள்ளும். நிதானமாக வேலை செய்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் அது 50 நிமிடம் வரும். கயிற்றில் தொங்கிக்கொண்டு, நினைவிழந்த ஒருவரைத் தூக்கிக் கட்டுபவர் அதைப் போல இரு மடங்கு இழுப்பார், நேரம் பாதியாகும். அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கியதும் விசில் ஒலிக்கும். விசில் கேட்ட பிறகு கிளம்பலாம் என்று இருப்பது கிணற்றில் ஆகாது, ஏனென்றால் மேலே ஏறும் நேரமும் அதே காற்றில்தான் கழிய வேண்டும். ஆகவே கிணற்று மீட்பில் ஒருவர் அடியில் நின்று வேலை செய்யக் கிடைப்பது உண்மையில் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

கருவியை மாட்டும் முறையிலும் உயிர் இருக்கிறது. முதலில் உருளை அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். தோள்பட்டையையும் இடுப்புப் பட்டையையும் இறுக்கி, முகமூடியை முகவாயிலிருந்து தொடங்கி மேலே ஏற்றி, வார்களைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பிறகு குழாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டால் இடைவெளி இல்லை என்று பொருள். இரண்டு நாள் தாடி இருந்தாலும் இந்த ஒட்டுதல் கெடும். கண்ணாடி அணிபவரின் காதுக் கம்பி விளிம்பில் புகுந்தாலும் கெடும். மேலே ஒருவர் பலகையில் இறங்குபவரின் பெயர், இறங்கிய நேரம், அப்போதிருந்த அழுத்தம் மூன்றையும் எழுதி, எப்போது திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டபடி நிற்க வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. இன்னொருவர் கருவியை மாட்டிய நிலையில், இறங்காமல், கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். ஆள் குறைவான நிலையத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டு இடங்கள்தான். கருவி இருந்தும் ஆள் போதாமல் ஏற்படும் ஆபத்து, கருவியே இல்லாத ஆபத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

மூச்சுக்கருவிக்கு முன்பே வேண்டியது வாயு அளவி. கையடக்கமான நான்கு வாயு அளவியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, தீப்பற்றும் வாயு ஆகியவற்றின் அளவைக் காட்டும். ஊரில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு: எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது. விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். ஆக்சிஜன் 16, 17 விழுக்காட்டுக்கு இறங்கும்போது சுடர் அணைவதால் அந்த எச்சரிக்கை பொய்யல்ல. ஆனால் விளக்கு அணையாமல் எரிவதை வைத்து இறங்கிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் எரியும். மீத்தேன் இருந்தால் சுடரே வெடிப்புக்குக் காரணமாகும். மோப்பத்தையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் கொண்டது என்றாலும், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதி அடையும் நேரம் மிக ஆபத்தான நேரமாக இருக்கலாம். நைட்ரஜன் டை ஆக்சைடு இன்னும் நயவஞ்சகமானது. அதைச் சுவாசித்தவர் நடந்தே வீட்டுக்குப் போய், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மோசமாகலாம். வெடி போட்ட கிணற்றிலிருந்து நல்ல நிலையில் மேலே வந்தவரையும் மருத்துவமனையில் ஓரிரவு வைத்துப் பார்ப்பது அதனால்தான் நல்லது.

முக்காலி, கப்பி, உடல்வார், காற்று ஊதி, மேலிருந்தே காற்றுக் குழாய் வழியாக மூச்சுக் கொடுக்கும் அமைப்பு ஆகியவை இந்தத் தொகுப்பில் சேரும். காற்று ஊதி பத்து நிமிடம் ஓடினால் கிணற்றின் நிலைமையே மாறும். அடியில் ஒருவர் கிடக்கும்போது பத்து நிமிடம் காத்திருப்பது கொடுமையாகத் தெரியும். ஆனால் குழு மேலே தயாராகும்போதே ஊதியை ஓடவிட்டால், கருவி மாட்டும் நேரத்துக்குள் அந்த வேலையும் நடந்துவிடும்.

வெடிப்பு வேறு வகை ஆபத்து. 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசுத் தயாரிப்பு இடத்தில் வெடிவிபத்து நேர்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளே இருந்த பட்டாசுகள் தொடர்ந்து வெடித்துக்கொண்டிருந்த நிலையில் மீட்புக் குழுவினர் நெருங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் அதே மாவட்டத்தின் வாரணவாசி அருகே சமையல் எரிவாயு சிலிண்டர் ஏற்றிய லாரி கவிழ்ந்து தீப்பிடித்து, சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்தன. இத்தகைய இடத்தில் உடலில் அணியும் எந்தக் கவசமும் முழுப் பாதுகாப்புத் தராது. தூரம்தான் கவசம். தொலைவிலிருந்து நீரை வீசும் பீச்சுக்குழாய், மறைவாக நிற்கச் சுவரோ வண்டியோ, கூட்டத்தை விலக்கும் போலீஸ், இந்த மூன்றும் மேலங்கியைவிடப் பெரிய வேலை செய்கின்றன. சென்னை கொடுங்கையூரில் 2017 ஜூலையில் பேக்கரித் தீயை அணைக்கப் போன தீயணைப்பாளர் சிலிண்டர் வெடித்ததில் உயிரிழந்தார். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பாளர்கள் மாண்டனர். நாடு முழுவதும் அந்த நாளே தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தாக்குதல்காரர் உள்ளே இருக்கும்போதே மீட்புக்குப் போக வேண்டிய நிலை, இவற்றுக்கெல்லாம் அடுத்ததாக வருவது. ஒருவரோ சிலரோ பொது இடத்தில் புகுந்து கண்ணில் பட்டவர்களைத் தாக்கிக்கொண்டே போகும்போது, போலீஸ் இடத்தைப் பாதுகாப்பாக்கும் வரை தீயணைப்பும் ஆம்புலன்ஸும் வெளியே காத்திருப்பதுதான் பழைய நடைமுறை. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர் மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்தார். பெரிய ரத்தக்குழாய் அறுந்தவருக்குச் சில நிமிடங்களே உண்டு. இதிலிருந்து ஒரு புதிய முறை வளர்ந்தது. தாக்குதல் நடக்கும் பகுதிக்குள் போலீஸ் மட்டும். தாக்குதல்காரர் கடந்துபோன, ஆனால் முழுவதும் சோதிக்கப்படாத பகுதிக்குள் போலீஸ் காவலோடு, கவசம் அணிந்த தீயணைப்பாளர்கள் போய் ரத்தத்தை நிறுத்தி ஆட்களை வெளியே எடுப்பார்கள். சிகிச்சை முழுவதும் அதற்கும் வெளியே. வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் தீயணைப்புத் துறை இதில் முன்னோடி. 2018இல் அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம் இதற்கென என்எஃப்பிஏ 3000 என்ற தர விதிமுறையையே வெளியிட்டது.

மான்செஸ்டரில் 2017 மே 22 இரவு இசை அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தனர். அரங்கிலிருந்து அரை மைல் தொலைவில் தீயணைப்பு நிலையம் இருந்தது. இருந்தும் துப்பாக்கிதாரி உலவுகிறாரோ என்ற ஐயத்தில் தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போவதற்கு அஞ்சாத வீரர்களைத் தவறான தகவலும் போலீசோடு பேசாத கட்டுப்பாட்டு அறையும் நிறுத்தி வைத்தன என்பதை விசாரணைகள் காட்டின. கவசச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும். இதற்கு மாறான காட்சி மும்பையில் 2008 நவம்பரில் நடந்தது. தாஜ் ஹோட்டலில் தாக்குதல்காரர்கள் உள்ளே இருக்கும்போதே தீயணைப்பாளர்கள் ஏணிகளை ஜன்னல்களில் சாத்தி விருந்தினர்களை இறக்கினார்கள். அங்கே தீயே ஓர் ஆயுதமாகப் பயன்பட்டது. தீயைத் தூண்டிலாக வைத்த சம்பவங்களும் உண்டு: 2012இல் நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரிலும், 2025 ஜூனில் ஐடஹோவிலும் தீ வைத்துவிட்டு, அணைக்க வந்தவர்களையே சுட்டார்கள். இரண்டு இடங்களிலும் இரண்டிரண்டு தீயணைப்பாளர்கள் உயிரிழந்தனர்.

குண்டு துளைக்காத சட்டையின் இழையும் தீயணைப்பு அங்கியின் இழையும் ஒரே குடும்பம். 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் ஓர் அராமிட். அங்கியில் அது ஒற்றை அடுக்கு. கவசச் சட்டையில் பல அடுக்குகள் சேர்ந்து குண்டின் வேகத்தைப் பரப்பி உறிஞ்சுகின்றன. அப்போதும் அது கைத்துப்பாக்கிக் குண்டுக்கு மட்டுமே. ரைஃபிள் குண்டைத் தடுக்கப் பீங்கான் அல்லது கடினத் தகடு முன்னும் பின்னும் செருக வேண்டும், எடை கூடும். இந்தியாவில் இச்சட்டைகளுக்கு ஐஎஸ் 17051 என்ற தரம் 2018இல் வந்தது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குண்டைத் தடுக்கும் நெசவு கத்தி முனையைத் தடுக்கும் என்று கொள்ள முடியாது. கூர்முனை இழைகளை விலக்கிக்கொண்டு புகுந்துவிடும். குத்தையும் வெட்டையும் தடுக்கும் கவசத்துக்குச் சோதனை முறையே வேறு.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இந்தக் கடைசிச் செய்திதான் பொருந்துகிறது. இங்கே தீயணைப்பாளர் எதிர்ப்படக்கூடியது தானியங்கித் துப்பாக்கி அல்ல. அரிவாள், கட்டை, கல்வீச்சு, பெட்ரோல் கேனோடு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மிரட்டுபவர். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து ரைஃபிள் தகடு வாங்குவது பணத்தை வீணாக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அதைத் தீயணைப்பு அங்கியோடு சேர்த்து அணிபவர் வெப்பத்தாலேயே சுருண்டு விழலாம். முகத்தடுப்புள்ள தலைக்கவசம், குத்தும் வெட்டும் தடுக்கும் இலகுவான சட்டை, வெட்டுத் தாங்கும் கையுறை, போலீசிடம் இருப்பது போன்ற பாலிகார்பனேட் கேடயம் ஆகியவை நிலையத்துக்கு இரண்டு மூன்று தொகுப்பு இருந்தால் போதும். துப்பாக்கிக்கான கவசத்தை மாவட்டத் தலைநகரில் ஒரு சிறு குழுவுக்கு, போலீசின் ஆயுதப்படையோடு சேர்ந்து பயிற்சி பெறும் குழுவுக்கு மட்டும் தரலாம். சேர்ந்து ஒத்திகை பார்க்காதவர்களுக்கு அந்தச் சட்டை பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கும்.

தாக்குதல் நிலைக்கென உருவான தொகுப்பில் இரண்டு பொருள்கள் மட்டும் எல்லா நிலையத்திலும், எல்லா வண்டியிலும் உடனே இருக்க வேண்டும்: ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையும் காயத்தில் அடைக்கும் துணியும். கைகாலில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் காயத்துக்கு மேலே பட்டையைக் கட்டி, குச்சியைத் திருகி ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுத வேண்டும். கற்றுக்கொள்ள அரைநாள் போதும். அரிவாள் வெட்டுக்கு உதவும் இந்தப் பட்டை, பட்டாசு வெடித்துக் கை போனவருக்கும், நெடுஞ்சாலையில் லாரிக்கடியில் கால் சிக்கியவருக்கும், கதிரறுக்கும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டவருக்கும் உதவும். எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்துக்கு வாங்கும் கருவி வாரம்தோறும் பயன்பட வேண்டும் என்றால், தேர்வு இப்படித்தான் அமைய வேண்டும்.

வாங்கிய கருவியைப் பராமரிப்பது வாங்குவதைவிடக் கடினம். காற்று உருளையை மீண்டும் நிரப்ப உயர் அழுத்தக் கம்ப்ரசர் வேண்டும். அது அருகில் இல்லாத நிலையம் பயிற்சிக்குக் காற்றைச் செலவழிக்கத் தயங்கும். பயிற்சி இல்லாதவர் கிணற்றடியில் பதற்றத்தில் இரு மடங்கு காற்றை இழுப்பார். வாயு அளவியின் உணரிகள் தேய்ந்துபோகும். தெரிந்த அளவுள்ள வாயுவைக் காட்டிச் சரிபார்க்காவிட்டால் நச்சு வாயு இருக்கும் இடத்திலும் அது நல்ல காற்று என்று காட்டக்கூடும். முகமூடியின் ரப்பர் விளிம்பு வெயிலில் விறைத்து வெடிக்கும். கவசச் சட்டைக்கு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 5 ஆண்டுதான் உத்தரவாதம் தருகிறார்கள். ஈரமும் மடிப்பும் அதையும் குறைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஏடு, வாரம் ஒருமுறை அழுத்தம் பார்த்துக் கையொப்பம், ஆண்டுக்கு ஒருமுறை வெளியாரின் சோதனை ஆகியவை இல்லாமல் அலமாரியில் தொங்கும் கருவியைக் கணக்கில் சேர்க்க முடியாது.

101க்கோ 112க்கோ வரும் அழைப்பும் இந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதி. கிணற்றில் ஆள் விழுந்துவிட்டார் என்ற ஒரு வரியோடு வண்டி கிளம்பினால், குழு வெறும் கயிறும் ஏணியும் தயார் செய்துகொண்டு போகும். கடைசியாக எப்போது வெடி போட்டார்கள், உள்ளே எஞ்சின் ஓடியதா, எத்தனை பேர் இறங்கினார்கள், விழுந்தவர் குரல் கொடுத்தாரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால், ஊர் எல்லையைத் தொடும் முன்பே மூச்சுக்கருவி முதுகில் ஏறியிருக்கும். அடிதடி நடந்த வீட்டில் தீ என்று அழைப்பு வந்தால் தாக்கியவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, கையில் என்ன இருக்கிறது, போலீஸ் வந்துவிட்டதா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். அழைப்பை எடுப்பவரின் மேசையில் இந்தக் கேள்விகளை ஒட்டி வைக்க ஒரு தாள் போதும். அதோடு, வண்டி வரும் வரை வேறு யாரையும் இறங்கவிட வேண்டாம் என்று அழைத்தவரிடம் அழுத்திச் சொல்லவும் அவருக்குப் பயிற்சி வேண்டும்.